எந்த?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
பழவேற்காட்டின் சுவர்களை முகத்துக்கு நேரே பார்க்கிறவள் நான்.
மற்றவர்கள் ஏரியைப் பார்க்க வருகிறார்கள்.

பொன்னேரி பஸ் இறக்கிவிடும்போது மணி ஒன்பதேகால்.
கடைத்தெருவில் இறால் ஐஸுக்குள் போய்க்கொண்டிருக்கும்.
கையில் மின்வாரியத்தின் கருவி,
பையில் டார்ச், தண்ணீர், மாற்றுச் செருப்பு.

கோட்டைத் தெருவில் கோட்டை இல்லை.
முள்மேடு இருக்கிறது, ஆடுகள் ஏறும்.
கோட்டை வீடுகளுக்குள் போய்விட்டது:
சபியுல்லா மளிகையின் பின்சுவரில் இருபது வரிசை,
தேசப்பன் மாட்டுக்கொட்டகையில் பாதி வளைவு.
டச்சுக்காரன் செங்கல் சின்னது;
கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
ஆணியை உள்ளே விடாது.
மீட்டர் மாட்ட வந்த வயர்மேன் குணாளன்
மூன்று டிரில் முனையை முறித்துவிட்டு
"யாருக்குப் பயந்து மேடம் இப்படிக் கட்டினானுங்க?" என்றான்.
போர்த்துக்கீசியருக்கு என்றேன்.
கரையானுக்கு என்றான்.

நான் நன்னிலத்துக்காரி. வந்த புதிதில்
குப்பத்துப் பெஞ்சலம்மா "எந்த?" என்று கேட்டாள்.
எந்த மீட்டர் என்கிறாள் என்று நினைத்து
"இந்த" என்று காட்டினேன்.
"எந்த?"
"இந்த."
"எந்தம்மா?"
"இதோ, இந்த."
பக்கத்து வீடு சிரித்து முடித்த பிறகு தெரிந்தது
தெலுங்கில் அது எவ்வளவு.
தொண்ணூற்றெட்டு யூனிட். நூறுவரை இலவசம், ஒன்றும் கட்ட வேண்டாம்.
அவள் நம்பவில்லை.
சும்மா கொடுக்கிறவன் பின்னாலேயே வருவான் என்றாள்.

பெரிய பள்ளிவாசலில் நிழல் கடிகாரத்துக்கு இணைப்பு கிடையாது.
பக்கத்திலேயே மோட்டார், எட்டு மின்விசிறி, ஒலிபெருக்கி;
நல்ல பில் வரும்.
குறித்துவிட்டு நிழலையும் பார்ப்பேன்,
கருவியில் மணி சரிதானா என்று.

டச்சுக் கல்லறைக்கு ஒரே ஒரு பல்பு.
வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடு இரண்டும்
நான் போகும்போதெல்லாம் ஏதோ சொல்ல வந்து நிறுத்துகின்றன.
காவலாளி விளக்கைப் போடுவதில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஆறு வருஷமாக நானூற்றுப் பன்னிரண்டு.

ராக்கெட் விடுகிற நாளில் படகு இறங்கக் கூடாது.
அன்று எல்லாப் படகும் கரையில், எல்லா ஆண்களும் சீட்டில்.
பெஞ்சலம்மா முற்றத்தில் நேற்றைய இறாலை
ஒரு கருங்கல் பலகைமேல் உரித்துக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் ஊற்றியதும் கல்லில் எழுத்து எழும்பியது.
"ஊருக்கே நம்பர் படிக்கிறே. இதைப் படி."

எழுத்து எனக்கு வராத எழுத்து.
எண் வந்தது. ஒன்று, ஆறு, ஏழு, ஒன்பது.
கீழே மூலையில், தேய்ந்த பூ ஒன்றுக்குள்,
தனியாக ஒரு இரண்டு.

"எந்த?" என்றாள், அதில் விரல் வைத்து.
எந்த மொழியில் கேட்டாளோ.
"ரெண்டு வயசு" என்றேன்.
"ஆணா, பொண்ணா?"
"அது எழுத்தில் இருக்கும்."

அப்போது வடக்கே வெளிச்சம் எழுந்தது.
பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடின.
அவள் ஏழெட்டு இறால் உரிக்கிற நேரம் கழித்துத்தான்
சத்தம் வந்தது.
தட்டு நடுங்கியது, கூரைத் தகரம் நடுங்கியது,
எங்கோ ஒரு சுவரில் பூச்சு உதிர்ந்தது.
அவள் மட்டும் நிமிரவில்லை.
"ரெண்டு" என்றாள்.
சொல்லிவிட்டு இன்னொரு இறாலை எடுத்தாள்.

அடுத்த கணக்கெடுப்புக்குப் போனேன்.
கல் அங்கேயே. இறாலும் அதன் மேலேதான்.
அந்த மூலையில் மட்டும் ஓடு விழாமல்
ஒரு சொம்பு கவிழ்த்து வைத்திருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.
கருவியை மீட்டருக்கு நீட்டினேன்.

"எந்த?"
"நூத்திப் பன்னெண்டு. இந்த தடவை கட்டணும்."
கையை உதறி எழுந்து, முந்தானையில் துடைத்து,
வெற்றி பெற்றவள்போல் என்னைப் பார்த்தாள்.
"சொன்னேன் இல்ல?"